பார்த்தவர் பட்டியலில் அண்ணன்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலிருந்து பிறந்தது. இதைவிடக் கேவலமான பிறப்பு ஒரு கதைக்கு வாய்க்காது. எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் லூர்துராணி டீச்சர், ரோஜாப்பூப் படத்தின் மேல் 'கூப்பிடாத வீட்டுக்குப் போறவங்க நாங்க இல்ல' என்று போட்டிருந்தாள். நூற்று நாற்பது பேர் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவன் ஒருவன்தான்: ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அவள் அண்ணன் ஜேக்கப்.

[முதலில் 'காவிரிப் பாலத்தில் மாலை வெயில் சாய்ந்தபோது லூர்துராணி' என்று தொடங்கினேன். சகிக்கவில்லை. பாலத்தில் நிற்கும் யாரும் இப்போது வெயிலைப் பார்ப்பதில்லை, செல்ஃபிதான்.]

2

ஞாயிற்றுக்கிழமை ஜேக்கப்பின் மகள் பெலிண்டாவுக்கு நிச்சயதார்த்தம். அழைப்பிதழைக் குடும்பக் குரூப்பில் போட்டு, 'எல்லாரும் தவறாம வந்துடுங்க' என்று எழுதியதோடு கடமை முடிந்தது அவனுக்கு. கூடப் பிறந்தவளுக்கும் குரூப்பில் இருக்கும் கேட்டரிங்காரருக்கும் ஒரே அழைப்பு.

பெலிண்டாவுக்கு மூன்று வயதுவரை சோறு ஊட்டியவள் லூர்துராணி. போனை எடுத்து அண்ணனைக் கூப்பி

[இல்லை. கூப்பிட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்து எல்லோரும் பிரியாணி சாப்பிட்டிருப்பார்கள்.]

ஸ்டேட்டஸ் போட்டாள். மறுநாள் ஜேக்கப்பும் போட்டான்: 'உறவுன்னா கூப்பிட்டாத்தான் வரணுமா?' பின்னால் ஒரு சூரியோதயம் வேறு.

"ஒரு போன் பண்ணிக் கேட்டுட வேண்டியதுதானே?" என்றார் அவள் கணவர் அமிர்தசாமி.

"அண்ணன் பார்த்துட்டாருங்க. லிஸ்ட்ல பேரு இருக்கு. பார்த்துட்டும் கூப்பிடலைன்னா என்ன அர்த்தம்?"

"அங்கேயும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பாரு."

3

ஜேக்கப் எனக்குப் பிடிபடவே இல்லை. எழுத எழுத நல்லவனாகிக்கொண்டே போகிறான். 'வேலைப்பளு' என்று எழுதி அடித்தேன். 'கூச்சம்' என்று எழுதி அடித்தேன். திமிர் என்று எழுத மட்டும் கை வரவில்லை. இதோ, எழுதிவிட்டேன்.

4

லூர்துராணி பட்டுப்புடவையில் வந்து இறங்குகிறாள், பெலிண்டா ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். [சர்க்கரை அதிகம்.] அல்லது, வரவே இல்லை. குரூப்பில் வரும் போட்டோவுக்குக் கீழே 'காட் பிளஸ் யூ' என்று மட்டும் போடுகிறாள். [இதுதான் நடக்கும். பயமாக இருக்கிறது.]

5

நான்தான் ஜேக்கப். அமிர்தசாமி பேசியதெல்லாம் என் கற்பனை, அவரிடமும் நான் பேசவில்லை. இன்று சனிக்கிழமை. தங்கையைக் கூப்பிட ஒரு நிமிடம் போதும். நான்கு நாள் உட்கார்ந்து கதை எழுதியிருக்கிறேன். முடித்ததும் இதையும் குரூப்பில்தான் போடப் போகிறேன். அவள் கைதட்டும் பொம்மை போட்டு, 'சூப்பர்ண்ணா' என்பாள்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். அவள் நம்பர் தருகிறேன், நீங்களாவது கூப்பிட்டு, நாளைக்கு அண்ணன் வரச் சொன்னான் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.