காய வெச்ச கயிறு

என் வீட்டுக்காரர் நாலாவது மாடிக்கு வெளியே பலகையில உட்கார்ந்து சுவருக்கு பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருந்தார். பலகையைத் தாங்குற ரெண்டு நைலான் கயிறும் மொட்டை மாடித் தூண்ல கட்டியிருக்கு. மேலே நின்னு அதைப் பார்த்துக்கிறது என் வேலை. பத்து வருஷமா இதுதான் எங்க பொழப்பு.

கயிறு விஷயத்துல என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஈரத்துல மக்கிடுமேன்னு, வேலையில்லாத நாளெல்லாம் விரிச்சு வெயில்ல போடுவேன். இந்தக் கோடை முழுக்கப் போட்டேன். நீலம் வெளுத்து வெள்ளையாச்சு. சாயம்தானே, போனா போகட்டும்னு விட்டேன்.

முடிச்சை இறுக்கலாம்னு கயித்தைப் பிடிச்சேன். உள்ளங்கையெல்லாம் வெள்ளைத் தூள். என்ன கண்றாவின்னு புரியைத் திருகிப் பார்த்தேன். உள்ளே அச்சு அசல் நீலம், கெட்டியா இருக்கு. வெளியே நகம் பட்டாலே நார் நாரா உதிருது. வெயில் வெளியேயிருந்து கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே போயிருக்கு.

இடுப்புல தனியா ஒரு கயிறு கட்டியிருக்காரேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அடிப்பாவி, அதையும் பக்கத்துலயேதானே விரிச்சே!

"ஏங்க, அசையாதீங்க! கயிறு போகுது!"

"இந்த ஓரத்தை முடிச்சுட்டு..."

"ஓரமும் எழவும் கிடக்கட்டும்! கையைக்கூடத் தூக்காதீங்க!"

படியில விழுந்தடிச்சு ஓடி நாலாவது மாடிக் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா, "குழந்தை இப்பதான் தூங்குது, அப்புறம் வாங்க"ங்கறாங்க.

"உங்க ஜன்னலுக்கு வெளியே என் புருஷன் உசுரு தொங்குதும்மா!"

நான் கத்துன கத்துல குழந்தை எழுந்துடுச்சு. கதவும் திறந்துச்சு.

ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினேன். அவர் முகத்துல ரத்தமே இல்லை. நான் சட்டையைக் கொத்தா பிடிக்க, அந்தம்மா தோளைப் பிடிக்க, உள்ளே இழுத்துப் போட்டோம். அவர் கால் பலகையை உதைச்சதுதான் தாமதம், ஒரு பக்கக் கயிறு அறுந்து பெயிண்ட் டப்பா கீழே போச்சு. சத்தம் வந்து சேர ரொம்ப நேரமான மாதிரி இருந்துச்சு.

அவர் தரையில உட்கார்ந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "நல்லவேளை, நீ கவனிச்சே. இல்லாட்டி நான் காலி."

தலையாட்டியிருக்கலாம். முடியலை. "நான்தாங்க கெடுத்தேன். நல்லதுன்னு நினைச்சு கோடை முழுக்க வெயில்ல போட்டேன்..." அதுக்கு மேல அழுகைதான் வந்துச்சு.

அவர் என் கையை விட்டுட்டு இடுப்புக் கயித்தை அவிழ்த்தார். அது மெல்லிசு. ரெண்டு கையாலயும் ஒரு சுண்டு சுண்டி இழுத்தார். பட்டுன்னு அறுந்துச்சு. உள்ளே நீலமே மிச்சமில்லை.

ரெண்டு துண்டையும் மடியில வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் என் கையைப் பிடிக்கலை.