விளக்கு அணைந்தால் பூட்டு

குளிர்காலம் வந்தால் வெர்னோல் சுரங்கத்தை வௌவால்களுக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். மற்ற மாதங்களில் அது சைக்கிள்காரர்களின் ராஜ்ஜியம். பழைய ரயில் பாதையின் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுத் தார் போட்ட நாளிலிருந்து, கார் தொல்லை இல்லாமல் மிதிக்கலாம் என்று எங்கெங்கிருந்தோ பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நவம்பர் முதல் தேதி வரும் சகல புனிதர் திருநாளுக்கு முந்தின நாள் இரண்டு பக்கமும் இரும்புக் கதவைப் பூட்டிவிட்டால், வசந்தம் வரை வௌவால்கள் தலைகீழாகத் தொங்கித் தூங்கும். மனிதர்கள் மூச்சு வாங்க மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வௌவாலுக்குக் கிடைக்கும் மரியாதை அந்த ஊரில் மேயருக்குக்கூடக் கிடையாது.

இந்தப் பக்கத்துக் கதவின் சாவி கிஸ்லேனிடம் இருந்தது. சுரங்க வாயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், பழைய ரயில் நிலையத்தில் காபிக்கடை வைத்திருப்பவள் அவள். அவளுடைய கணவர் ரெஜிஸ் அந்தப் பாதையைப் பராமரித்து வந்தார். பூட்டும் நாளன்று அவர் சைக்கிளில் உள்ளே போவார். யாரும் தங்கிவிடவில்லை என்று பார்த்துக்கொண்டே மறுபக்கம் வெளியேறி, அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டுவார். பிறகு மலையைச் சுற்றி வீடு வந்து சேருவார். கிஸ்லேனின் வேலை இந்த முனையில் நிற்பது. சுரங்கத்து விளக்குகள் தங்கள் அடியில் ஏதாவது அசைந்தால் எரியும், அசைவு நின்றால் சற்று நேரத்தில் அணையும். ரெஜிஸ் போகப் போக ஒவ்வொன்றாக எரிந்து, அவருக்குப் பின்னால் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் எல்லாம் இருட்டானால் அவர் வெளியே போய்விட்டார் என்று அர்த்தம். விளக்கு அணைந்தால் பூட்டு. அவ்வளவுதான்.

விழுந்து கிடக்கும் மனிதனும் அசைய மாட்டான் என்பது அந்த இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் விளக்குகள் அணைந்தன. கிஸ்லேன் பூட்டினாள். வீட்டுக்குப் போய் வெங்காயத்தாள் சூப்பைக் கிண்டினாள். சூப்பு ஆறிய பிறகும் ரெஜிஸ் வரவில்லை. கதவைத் திறந்து தேடியபோது சுரங்கத்தின் நடுவில், சைக்கிளுக்குப் பக்கத்தில் கிடந்தார். இதயம் நின்றுவிட்டது, தரையில் விழுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். ஊரே அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அவளைத் தேற்றியது. டாக்டர் என்ன சுரங்கத்துக்குள்ளேயா நின்றுகொண்டிருந்தார்? அவள் பூட்டிவிட்டுத் திரும்பிய பிறகு ரெஜிஸ் கண் விழித்திருந்தால்? கையை அசைத்து, தலைக்கு மேல் ஒரு விளக்கு எரிந்திருந்தால்? கூப்பிட்டிருந்தால்? அந்தக் கேள்வி அவளை விடவே இல்லை. கரண்டியைக் கழுவும்போதும் வரும், பூசையில் முழங்காலிடும்போதும் வரும்.

போன வருடம் திபோ என்ற இளைஞன் பூட்டினான். ரெஜிஸின் வேலை இப்போது அவனுக்கு. தாழ்ப்பாள் சத்தம் காதில் விழக்கூடாது என்று கிஸ்லேன் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். இந்த வருடம் தன் கையால்தான் பூட்டப்போவதாகச் சொல்லிவிட்டாள். முடியாவிட்டால் கடையை விற்றுவிட்டுத் தங்கை வீட்டோடு போய்விடுவது என்ற முடிவுக்கும் வந்திருந்தாள்.

காலையில் திபோ வேனில் சுரங்கத்தை ஒரு முறை கடந்து, மறுபக்கத்தைப் பூட்டி, அங்கேயே ஒயினோடு சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, மலையைச் சுற்றி வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ‘பாதை மூடப்பட்டது’ பலகை இன்னும் அவன் வேனிலேயே கிடந்தது. அவன் வேலை செய்கிற லட்சணம் அது.

“என்ன கிஸ்லேன், சாவியை இப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க? என்ன, கோழிக்குஞ்சா அது?”

“உன் வாயையும் சேத்துப் பூட்ட முடியுமான்னு யோசிக்கிறேன்.”

“அதுக்குப் பெரிய பூட்டாப் பாக்கணும்.”

சுரங்கம் முழுக்க இருட்டு. அவள் சாவியைத் துவாரத்தில் நுழைத்தாள். அப்போது உள்ளே, தொலைவில், ஒரு விளக்கு எரிந்தது.

“வௌவால்,” என்றான் திபோ.

“வௌவாலுக்கெல்லாம் எரியாதுன்னு நீதானடா சொன்னே?”

“அப்ப நரியா இருக்கும்.”

இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குரல் கொடுத்தார்கள். பதில் இல்லை. விளக்கு அணைந்தது. அணைந்த கையோடு மறுபடியும் எரிந்தது. அது எந்த இடம் என்பது திபோவுக்கும் தெரியும். ரெஜிஸைத் தூக்கி வந்தவர்களில் அவனும் ஒருவன். அவன் முகத்திலிருந்த கிண்டல் காணாமல் போனது.

“கிஸ்லேன், சாவியை இப்படிக் குடுங்க. பூட்டிட்டுப் போயிடலாம். மின்சாரக் கோளாறா இருக்கும்.”

“நீ போய்ப் பாத்துட்டு வாயேன்.”

“நானா? ஃபோனை வேன்ல வச்சுட்டேனே...”

“ஆமா, ஃபோனுக்குப் பயமா இருக்கும். போய்த் துணைக்கு உக்காந்துக்கோ.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளும் உடனே நகரவில்லை. உள்ளே போனால் என்ன பார்க்க வேண்டியிருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். இந்த முறையும் பார்க்காமல் பூட்டிவிட்டால் உயிரோடு இருப்பதிலேயே பொருளில்லை என்பது இன்னொரு பக்கம். சாவியை உருவிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

குளிர் கழுத்தைப் பிடித்தது. தலைக்கு மேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எங்கோ தண்ணீர் சொட்டியது. இன்னொரு சத்தமும் கேட்டது. மிதிக்காமல் உருளவிட்ட சைக்கிளின் டிக் டிக் டிக். அவள் நின்றால் அது நின்றது. நடந்தால் முன்னால் கேட்டது.

“ரெஜிஸ்?” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

நடு விளக்கின் கீழே யாரும் இல்லை. அங்கேதான், ரயில் காலத்தில் தொழிலாளிகள் ஒதுங்கி நிற்கச் சுவரில் குடைந்த மாடம் இருந்தது. அதற்குள்ளிருந்து முனகல் வந்தது. சைக்கிளோடு சறுக்கி, பைகளோடு மாடத்துக்குள் போய் விழுந்திருந்தாள் ஒரு பெண். கால் திரும்பியிருந்தது, நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. அந்த மாடத்துக்குள் என்ன அசைந்தாலும் விளக்கு எரியாது என்பது கிஸ்லேனுக்குத் தெரியும். அந்தச் சைக்கிளின் சக்கரங்கள் இரண்டும் அசையாமல் கிடந்தன.

“வந்துட்டேன் கண்ணு, பயப்படாதே. எப்ப விழுந்தே?”

“மதியமே... சைக்கிள் வழுக்கிடுச்சு. அவரு எங்க?”

“எவரு?”

“இங்கதான் இருந்தாரு. லைட் அணையறப்பல்லாம் எழுந்து போய்க் கையை ஆட்டினாரே. வெளிச்சம் தெரிஞ்சா எம் பொண்டாட்டி பூட்ட மாட்டா, பயப்படாதீங்கன்னு சொன்னாரு.”

கிஸ்லேன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வேற என்ன சொன்னாரு?”

“தானும் ஒரு தடவை இங்க விழுந்தாராம். ரொம்ப வலிச்சுதான்னு கேட்டேன். விழுந்ததே தெரியலைன்னு சிரிச்சாரு.”

“இன்னொரு தடவை சொல்லும்மா.”

“விழுந்ததே தெரியலையாம்.”

கிஸ்லேன் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அடிபட்டவள் அழவில்லை, தேற்ற வந்தவள் அழுதாள்.

கிஸ்லேன் போட்ட சத்தத்தில் திபோ ஃபோன் செய்ய, மீட்புப் படையினர் வந்து சபீன் என்ற அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திபோ வாசலில் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

“தலையில அடிபட்டா என்னென்னவோ தோணும், கிஸ்லேன்.”

“தோணும்,” என்றாள் அவள். பிறகு கதவோரம் போய் நின்று, சந்தைக்குப் புறப்படும் கணவனிடம் பேசும் குரலில் உள்ளே பார்த்துச் சொன்னாள். “ரெஜிஸ், அந்தப் பொண்ணு வெளிய வந்தாச்சு. நான் பூட்டப்போறேன்.”

நடு விளக்கு எரிந்தது. அதற்கு அடுத்தது எரிந்தது. பிறகு அதற்கும் அடுத்தது. அவசரம் இல்லாமல், ஒரு மனிதன் சைக்கிள் மிதிக்கும் வேகத்தில், வெளிச்சம் மறுமுனையை நோக்கிப் போனது. அந்தக் கதவைக் காலையிலேயே பூட்டியாகிவிட்டது. திபோ சிலுவை போட்டுக்கொண்டான். கடைசி விளக்கும் அணைந்து சுரங்கம் முழுக்க இருட்டானது. கிஸ்லேன் உடனே பூட்டவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எதுவும் எரியவில்லை. அதன் பிறகே சாவியைத் திருப்பினாள்.

“சூப்பு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போடா,” என்றாள் திபோவிடம். அவன் மறுக்காமல் அவளை ஒட்டிக்கொண்டே நடந்தான்.

இரவு கடையைச் சாத்தியபோது வாசல் விளக்கை மட்டும் அவள் அணைக்கவில்லை. மலையைச் சுற்றி வர நேரமாகும்.