கறுப்பு வெள்ளை டிவியில் ஒரு சிவப்பு வண்டி

தையல்காரியிடம் பழைய துணியைக் கொடுத்துப் புதுசு என்று சொல்லி ஏமாற்ற முடியாது. எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், அதைப் போட்டவள் எந்த இடுப்பில் குடம் தூக்குகிறாள் என்பதுவரை சொல்லிவிடுவேன். அரியலூரில் பதினோரு வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். அளவு கொடுக்கும்போது பெண்கள் சொல்லும் பொய்களைக் கேட்டுக் கேட்டு, யாரையும் லேசில் நம்பாத புத்தி எனக்கு வந்துவிட்டது. கட்டின புருஷனும் அதில் அடக்கம்.

அவர் பெயர் மாயவன். சிமெண்ட் ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கிற லாரியில் டிரைவராக இருந்தார். எண்பத்து நாலில் குவைத்துக்குப் போனார். கட்டடக் கம்பெனியில் பெரிய லாரி ஓட்டும் வேலை என்று லாரி ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். எண்பத்தாறு சித்திரையில் இரண்டு மாத லீவில் வந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. 'அவனுக்கு இன்னொரு இடம் பாத்தா என்ன' என்று பெரம்பலூரில் என் மாமியார் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதுக்கும் வந்திருந்தது. அதனால் அவர் போன நாளிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். அம்மா பார்க்கும்வரை காத்திருக்காமல் இவரே அங்கே ஒன்றைப் பார்த்துக்கொண்டால் என்ன செய்வது?

பெட்டியை நான்தான் பிரித்தேன். சேலை, சென்ட், டார்ச் லைட் எல்லாம் இருந்தன. அடியில் துண்டு சுற்றி ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர், இரண்டு வயரின் முனையிலும் குச்சி வைத்த கைப்பிடி.

"என்னங்க இது?"

"வீடியோ கேம். டிவியில மாட்டி ஆடுறது. புதுசு."

'புதுசு' என்ற வார்த்தையை அவர் கொஞ்சம் அவசரமாகச் சொன்னது போல இருந்தது. கைப்பிடி இரண்டையும் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். இரண்டும் தேய்ந்திருந்தன. ஒன்றில் சிவப்புப் பொத்தான் மழமழவென்று பெரிய விரல் அளவுக்குக் குழிந்திருந்தது. இன்னொன்றில் குச்சியின் ரப்பர் தலையைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். அது தேய்மானம் இல்லை. பல்.

நான் அதைத் திரும்பத் துண்டில் சுற்றி வைத்துவிட்டுச் சோறு போடப் போனேன். சாம்பாரில் உப்புப் போட மறந்தது சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. உப்பில்லாத சாம்பாரைச் சும்மா சாப்பிடுகிற ஆள் இல்லை அவர்.

மறுநாள் அந்தப் பெட்டியை டிவியில் மாட்டினார். அவர் அனுப்பின பணத்தில் போன வருஷம் வாங்கிய கறுப்பு வெள்ளை டிவி அது. மாடியில் கம்பம் நட்டும் பாதி நாள் புள்ளிதான் தெரியும், தெரிகிற நாளில் இந்திதான் வரும். தெருவே வந்து உட்கார்ந்துவிட்டது. டிவியின் திருகை அப்படியும் இப்படியும் திருப்பினார். திடீரென்று புள்ளியெல்லாம் போய், இரண்டு சின்ன வண்டிகள் வந்து நின்றன. பீரங்கி வண்டியாம். குச்சியை அசைத்தால் ஓடும், பொத்தானை அமுக்கினால் சுடும்.

ஸ்டேஷன் இல்லாமல் படம் எப்படி வருகிறது என்று எதிர்வீட்டுச் சின்னப்பிள்ளை டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவளுடைய சந்தேகம் அவ்வளவோடு முடிந்தது.

ஒரு கைப்பிடியை என் கையில் கொடுத்தார். "செவப்பு வண்டி உன்னுது. நீலம் என்னுது. அந்தப் பச்சைச் சொவத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க."

எனக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பல்தான். வண்டியும் சாம்பல், சுவரும் சாம்பல், தரையும் சாம்பல். குவைத்தில் கம்பெனி கேம்ப்பில், தகரக் கொட்டகையில் ஒரு ரூமுக்குப் பன்னிரண்டு பேர், ஒரே ஃபேன் என்று கடிதத்தில் எழுதின மனுஷன், எந்தக் கலர் டிவியில் சிவப்பையும் நீலத்தையும் பார்த்தார்? கை விளையாடிக்கொண்டிருந்தது. புத்தி அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டது.

அன்று நான்தான் ஜெயித்தேன். அடுத்த ஆட்டமும் நான்தான். குச்சியை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாத நான், ஒன்றுக்கு ஏழு என்று ஜெயித்தேன். தெரு கை தட்டியது. அவரும் கை தட்டினார், 'அடேங்கப்பா, என்னைச் சுட்டுட்டாளே' என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து காட்டினார். என் புருஷன் தாயக்கட்டையில்கூட விட்டுக் கொடுக்காத ஆள். லாரி ஓட்டும் காலத்தில் முன்னால் போகிற வண்டியை முந்தாவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது. வேண்டுமென்றே தோற்க எங்கே படித்தார்? அதைப் பெரியவர்களோடு ஆடிப் படிக்க முடியாது.

அன்றிலிருந்து என் கண் அவர் மேலேயே இருந்தது. குவைத்துக்குப் போய் வந்தவர்கள் தங்கத்தைப் பற்றிப் பேசுவார்கள், வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். இவர் பொம்மையைப் பற்றிப் பேசினார். டீக்கடையிலும் அதே பேச்சுதான், வீட்டிலும் அதே பேச்சுதான்.

"இதெல்லாம் பழைய காலம் ஆயிடுச்சு ஆண்டாயி. இந்த ஒரு வருஷத்துல எவ்வளவு மாறிப் போச்சு தெரியுமா? ஜப்பான்காரன் இப்ப வுட்டிருக்கிறதுல ஆளுக்குக் கண்ணு மூக்கெல்லாம் தெரியுது. ஓடுறான், தாவுறான். அவன் ஓட ஓடப் படமும் கூடவே நவுருது. பாட்டு வேற."

"அப்புறம்?"

"இன்னும் நாலஞ்சு வருஷத்துல பாரு, சினிமா மாதிரியே ஆயிடும். வயரு இருக்காது. இங்க இருந்து நீயும் அங்க இருந்து நானும் ஒரே ஆட்டத்தை ஆடலாம். டெலிபோன் மாதிரி."

"இதெல்லாம் யாரு சொன்னது உங்களுக்கு?"

சட்டென்று பேச்சை நிறுத்தினார். "கேம்ப்ல பேசிக்குவாங்க" என்றார்.

சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்கும் ஆட்கள் சாயங்காலம் உட்கார்ந்து ஜப்பான்காரன் பொம்மையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், அதுவும் ஒரு தையல்காரியின் இலையில்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். குவைத் முகவரியில் தெரு, வீடு எதுவும் இல்லை, தபால் பெட்டி நம்பர் மட்டும்தான். அந்த நம்பர் முதல் நாலு கடிதத்தில் ஒன்று, ஐந்தாவது கடிதத்திலிருந்து வேறு ஒன்று. 'கம்பெனி நம்பர் மாற்றிவிட்டார்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தார். அப்போது நான் அதை நம்பியிருக்கிறேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மாமியாருக்கு ரவிக்கை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பெரம்பலூர் பஸ் ஏறினேன். ரவிக்கை கையில் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் போனது நல்லுசாமியைப் பார்க்க. அவரும் இவரும் ஒரே ஃப்ளைட்டில், ஒரே கம்பெனிக்குப் போனவர்கள். முதுகு போய், போன வருஷமே அவர் திரும்பி வந்துவிட்டார். துறைமங்கலம் பக்கம் வீடு.

நலம் விசாரித்துவிட்டு நேராகக் கேட்டேன். "அண்ணே, எங்க வூட்டுக்காரரு உங்களோட கேம்ப்ல எவ்வளவு நாளு இருந்தாரு?"

"மாயவனா? நாலு மாசம் இருந்தாரு தங்கச்சி. அப்புறம் கம்பெனியில ஆளைக் கொறைச்சாங்க. அவரு ஒரு வூட்டோட போயித் தங்கிட்டாரு." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஏன், உங்ககிட்ட சொல்லலையா?"

"யாரு வூடு அண்ணே? அந்த வூட்ல புள்ளைங்க இருக்கா?"

"இருக்கும். அதெல்லாம் நான் சொல்லக் கூடாது தங்கச்சி. அவரையே கேட்டுக்குங்க."

மோர் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போன அவர் மனைவி நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. அந்த வீட்டுக்காரி எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். பிள்ளைக்கு என்ன வயது இருக்கும்? பல் பதிந்திருக்கிற அளவைப் பார்த்தால் ஐந்தோ ஆறோ இருக்கலாம். இவர் போய் இரண்டு வருஷம்தானே ஆகிறது என்று ஒரு மனம் கணக்குச் சொன்னது. புருஷன் செத்தவளாக இருக்கலாம், பிள்ளையோடு கட்டிக்கொண்டிருக்கலாம் என்று இன்னொரு மனம் பதில் சொன்னது. சந்தேகத்துக்குப் பதில் சொல்லத் தெரியாத இடமே கிடையாது. என்னால் கொடுக்க முடியாத ஒன்றை யாரோ ஒருத்தி அவருக்குக் கொடுத்துவிட்டாள் என்பது மட்டும் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ரவிக்கையை மாமியாரிடம் கொடுக்காமலே வந்துவிட்டேன்.

மத்தியானம் மூன்று மணி. அவர் பனியனோடு டிவி முன்னால் உட்கார்ந்து தனியாக ஆடிக்கொண்டிருந்தார். நான் சுவிட்சை அணைத்தேன். இரண்டு கைப்பிடியையும் அவருக்கு முன்னால் வைத்தேன்.

"இது உங்க வெரலு. தெரியுது. இது யாரு பல்லு?"

அவர் குனிந்து கைப்பிடியைப் பார்த்தார்.

"நல்லுசாமி அண்ணனைப் பாத்துட்டுத்தான் வரேன். எந்த வூட்டோட போயித் தங்கினீங்க? யாரு அவ? எனக்குச் சொல்லிடுங்க, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுறேன். உங்க அம்மாவுக்கும் சந்தோசமா இருக்கும்."

நான் கத்துவேன் என்று நினைத்திருந்தேன். குரல் எழும்பவே இல்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் திருட்டு இல்லை. வெட்கம் இருந்தது. எனக்கு அது புரியவில்லை.

"அந்த வூட்ல நான் டிரைவர் ஆண்டாயி" என்றார். "வூட்டு டிரைவர். லாரி இல்ல, காரு. காலையில புள்ளைங்களை ஸ்கூல்ல வுடணும். அந்தம்மா கடைக்குப் போனா பையைத் தூக்கிட்டுப் பின்னாடியே நடக்கணும். காய்கறி வாங்கணும். செருப்பைத் தொடைச்சு வைன்னா வைக்கணும்."

"அதை ஏன் சொல்லல?"

"பத்துச் சக்கர லாரி ஓட்டப் போறேன்னு ஊரு பூரா சொல்லிட்டுப் போனவன். எப்படிச் சொல்லுவேன்? கூடையைத் தூக்கிட்டு நடக்குறேன்னு உனக்கு லெட்டர் எழுதவா?"

நான் கீழே உட்கார்ந்தேன். என் புருஷன் எனக்குத் துரோகம் செய்யவில்லை என்று புரிந்த அந்த நொடியில் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. ஒரு மாதமாகத் தோண்டின பள்ளத்தை உடனே மூட முடியவில்லை.

"பல்லு?"

"கடைசிப் பொண்ணு. நூரான்னு பேரு. ஆறு வயசு." அந்தக் கைப்பிடியை எடுத்து விரலால் தடவினார். "அண்ணனுங்க மூணு பேரு. ஆட்டத்துல அதைச் சேத்துக்கவே மாட்டானுங்க. மத்தியானம் எல்லாரும் தூங்கினப்புறம் ஹால்ல வந்து டிவியைப் போடும். கூட ஆட ஆளு வேணுமே, வாசல்ல நிக்கிற என்னைக் கையப் புடிச்சு இழுக்கும். நான் தரையில ஒக்காந்துக்குவேன். தோக்குற மாதிரி இருந்தா குச்சியைக் கடிக்கும். அப்ப நான் வண்டியைக் கொண்டுபோயி அது முன்னாடி நிறுத்திடுவேன். அதை அழ வுட மனசு வராது."

"தினமுமா?"

"வெள்ளிக்கெழமை தவுத்து."

போன தை மாதம் அந்த வீட்டுக்கு ஜப்பான் மிஷின் வந்ததாம். பழையதைக் குப்பையில் போடச் சொன்னார்களாம். இவர் கேட்டு வாங்கிக்கொண்டாராம். புது மிஷினில் அண்ணன்கள்தான் ஆடுகிறார்கள். ஆனால் தன் லீவு முடிந்து போவதற்குள் அவர்கள் அதையும் பழசாக்கிவிடுவார்கள், அதற்கப்புறம் மத்தியானத்தில் அது நூராவின் கைக்கு வந்துவிடும் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். அதைச் சொல்லும்போதே குரல் மாறிவிட்டது. அடுத்த வருஷம் என்ன வரும், அதற்கடுத்த வருஷம் என்ன வரும் என்று இத்தனை நாளும் அவர் சொன்னதெல்லாம் எந்த மத்தியானத்துக்காக என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அங்கே ஒரு பொம்பளை இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். ஆறு வயசுப் பிள்ளையிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? பொறாமை போகவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். ஏதாவது ஒன்று கேட்டே ஆக வேண்டும் போல இருந்தது.

"அந்தப் புள்ள உங்களை என்னன்னு கூப்புடும்? மாமான்னா, அண்ணன்னா?"

"டிரைவர்ன்னுதான். அவங்க பாஷையில."

"உங்க பேரு?"

"பேரு தெரியாது அதுக்கு" என்றார். "கேட்டதில்ல."

ஒரு மனக்குறையும் இல்லாமல், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. இத்தனை நாளும் எந்த வீட்டை நினைத்துப் பயந்தேனோ, அந்த வீட்டில் அவருக்கு ஒரு பேர்கூட இல்லை. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறாய், அதான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேனே என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.