மினூவுக்கு ஊசி

ரோசலி வீட்டுப் பூனை மினூ பதினாறு வயதுக் கிழவி. எண்பத்திரண்டாம் வருஷ மழையோடு பின்னங்கால் மூட்டு இறுகிப்போனதில் மேசைமேல் தாவுவதை விட்டுவிட்டது. நினைத்த இடத்தில் ஈரம் பண்ணுவதை மட்டும் விடவில்லை.

ரோசலியின் புருஷன் ஓகுஸ்தேன் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். ஒழுங்கு என்றால் உயிர். ரேடியோவில் பிரெஞ்சு தேசிய கீதம் வந்தால் சோற்றுக் கையோடு எழுந்து நிற்பார். அந்த நேரம் பார்த்துக் குழம்பு ஊற்றிய குற்றத்துக்காக ரோசலியோடு ஒரு வாரம் பேசாமல் இருந்த மகான்.

"பதினாலு ஜூலை, பிரெஞ்சு தேசிய விழாவுக்குப் பட்டாளத்துக்காரங்க எல்லாரும் நம்ம வீட்டுக்கு வர்றாங்க. அதுக்குள்ள இது பழையபடி தாவணும். இல்லேன்னா சாக்குல கட்டி காரைக்கால்மேட்டு மீன் ஏலத்துல விட்டுட்டு வந்துடுவேன்" என்றார். சாக்கைக் கதவு ஆணியில் மாட்டியும் வைத்தார். நொண்டிப் பூனை அங்கே நாய்களிடம் எப்படிப் பிழைக்கும்?

சைகோனுக்குக் கடைக் கணக்கு எழுதப் போய், அக்குபங்சரும் கற்றுக்கொண்டு வந்த அம்மையப்பனை ரோசலி கூப்பிட்டாள். ஊரில் மனுஷரே அவரிடம் முதுகைக் காட்ட யோசிப்பார்கள். மினூ யோசிக்கவில்லை, நேரே பிறாண்டியது.

"இதைப் பிடிக்கப் பட்டாளத்துக் கைதான் வேணும், முசியே" என்றார் அம்மையப்பன், கையை உதறிக்கொண்டு. முகஸ்துதிக்கு மயங்காத பட்டாளத்துக்காரர் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஓகுஸ்தேன் மடியில் மினூ, அதன் இடுப்பில் மயிரிழை ஊசிகள். அது அசையாமல் இருக்க, தடவிக் கொடுத்தபடி தன் சண்டைக் கதைகளைச் சொன்னார். ரோசலிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த கதைகள். "இதைச் சொல்லியாச்சு" என்று மினூ ஒருநாளும் சொல்லவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் தன்னை இப்படித் தடவியிருப்பாரா என்று ரோசலிக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பூனை தாவியதா? நாலடி நடந்து, நாற்காலியை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதன் கீழேயே படுத்துக்கொண்டது. நல்ல முன்னேற்றம் என்றார் அம்மையப்பன்.

பதினாலு ஜூலையும் வந்தது. ஓகுஸ்தேன் கோட்டு மாட்டி, மெடல்களைக் குத்திக்கொண்டு, "ஊசி முடிஞ்சதும் கொடியேத்தத்துக்குப் போயிடுவேன்" என்று மினூவை மடியில் வாங்கினார். சாக்குப் பக்கம் தன் பார்வை போகாமலிருக்க ரோசலி பாடுபட்டாள். அம்மையப்பன் ஊசி போட்டார், எடுத்தார், டப்பாவில் அடுக்கிக்கொண்டு கிளம்பினார். மினூ தூங்கிப்போயிருந்தது. ஓகுஸ்தேன் எழுந்திருக்கவில்லை.

தெருமுனை ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கியது. பழக்கதோஷம், ரோசலி கரண்டியை வைத்துவிட்டு விறைப்பாக நின்றாள். அவர் உட்கார்ந்தே இருந்தார்.

"ஏங்க, பாட்டுப் போட்டுட்டாங்க. எழுந்திரிக்கலையா?"

"எப்படி எழுந்திரிக்கிறது? ஊசி இருக்குல்ல."

ஊசி டப்பா அந்நேரம் அம்மையப்பனின் சைக்கிளில் கோவில்பத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ரோசலி ஆணியிலிருந்த சாக்கை எடுத்து, வருகிறவர்கள் கால் துடைக்கட்டும் என்று வாசற்படியில் போட்டாள்.