குழாயில் தெரியாத புள்ளி

நவம்பரில் வில்னியூஸ் நகரம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். லேசர் அறைக்கு ஜன்னல் கிடையாது என்பதால் உள்ளே வேலை செய்பவர்களுக்கு அது தெரிவதில்லை. அன்று மத்தியானம் அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி ஸ்கைஸ்தே. முப்பத்தாறு வயது. இன்னொருவர் அவளைவிடப் பத்து வயது மூத்த ஆர்விதாஸ். பல வருடங்களாக ஒரே இரும்பு மேசையின் இரு முனைகளில் நின்று வேலை செய்பவர்கள்.

மேல்மாடியில் வேதியியல்காரர்கள் குடுவையில் காய்ச்சி எடுக்கும் நானோ படிகங்கள்தான் அவர்கள் பிழைப்பு. எண்ணெயில் கலந்த மை மாதிரி இருக்கும். ஒவ்வொரு படிகமும் எந்தத் தூசியையும்விடச் சின்னது. கொஞ்சம் வளரவிட்டால் சிவப்பாக ஒளிரும், முன்பே நிறுத்தினால் பச்சை. பக்கத்து அறையில் அதைத் தடவிச் சூரிய மின்தகடு செய்தார்கள். கோடி அறையில் நச்சு வாயுவை மோப்பம் பிடிக்கும் உணரி செய்தார்கள். இவர்கள் இருவருக்கும் அதிலிருந்து லேசர் வரவேண்டும். கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சாகத் தடவி, நீல ஒளியால் அடித்தால் அது சிவப்பாக மினுங்கும். இன்னும் பலமாக அடித்தால் ஒரு கட்டத்தில் அந்த மினுக்கம் ஒன்றுதிரண்டு கோடாகப் பாயவேண்டும். இரண்டு வருடமாகப் பாயவில்லை.

“இந்தச் சனியன் இன்னிக்காவது வழிக்கு வருமா?” என்றாள் ஸ்கைஸ்தே.

“நேத்து கனவுல வந்து என்னைப் பாத்துச் சிரிச்சுது.”

“உங்க கனவுல உங்க பொண்டாட்டியத் தவிர எல்லாம் வருது.”

“அவ நேர்லயே வந்து பயமுறுத்துறாளே, கனவு வேற எதுக்கு?”

இயந்திரத்திலிருந்து புறப்படும் கதிர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வழியில் ஒரு படிகம் அதில் பாதியை நீலமாக்கும். மிச்சத்தை ஒரு வடிகட்டி தடுக்கவேண்டும். தப்பித்து எங்காவது தெறிக்கிறதா என்று பார்க்க ஒரு குழாய் உண்டு. ஒரு கண்ணில் வைத்துப் பார்த்தால், தெரியாத ஒளி பச்சைப் புள்ளியாகத் தெரியும். அது ஆர்விதாஸின் வேலை. அன்று வடிகட்டியை மாற்றிப் போட்டார், குழாயைக் கண்ணில் வைத்து அறையைச் சுற்றிப் பார்த்தார், “சுத்தம்” என்றார்.

கணினித் திரையில் சிவப்பு மேடு ஒடுங்கி ஊசியாக எழும்புவதுபோல இருந்தது. அதைத் தன் கண்ணால் பார்க்க ஸ்கைஸ்தேவுக்கு ஆசை வந்தது. அகச்சிவப்பைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி சிவப்பையும் சேர்த்து விழுங்கிவிடும். அதனால் எல்லோரும் செய்கிற காரியத்தை அவளும் செய்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தாள்.

தலைக்குள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். மஞ்சளாக ஒரு வெட்டு. வலி இல்லை.

“என்ன?” என்றார் ஆர்விதாஸ்.

“ஒண்ணுமில்ல. தூசி.”

கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். இடது கண்ணைப் பொத்தி ஆடியில் பார்த்தாள். அவள் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கறை. கண்ணை எங்கே திருப்பினாலும் கறையும் கூடவே வந்தது. வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

டிராலி பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர்களை அடிபட்ட ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி வந்தாள். ஒருத்தருக்கும் முகம் இல்லை. தொப்பி இருந்தது, கழுத்துத் துணி இருந்தது, நடுவில் ஒன்றுமில்லை.

வீட்டில் கணவன் தோனாதாஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான்.

“கண்ணு ஏன் செவந்திருக்கு? அழுதியா?”

“வெங்காயம்.”

“நான் இன்னும் வெங்காயத்தத் தொடவே இல்லியேம்மா.”

அவள் குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஆர்விதாஸுக்குப் போன் போட்டாள்.

“இன்னிக்கு எனக்குக் கண்ணுல பட்டிருச்சு.”

“எந்தக் கண்ணு?” என்றார்.

“வலது.”

“நடுவுலயா? ரத்தக் கலர்ல, ஓரம் மட்டும் பழுப்பா? கண்ண மூடினா அதே எடம் பச்சையா எரியுதா?”

“ஆமா.”

“வளைஞ்சு தெரியுதா? ஜன்னல் கம்பி, கதவு நிலை எல்லாம் உள்வாங்கின மாதிரி?”

அவள் இடது கண்ணை மூடிக் கதவு நிலையைப் பார்த்தாள். உள்வாங்கியிருந்தது. அப்போதுதான் உறைத்தது.

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஆர்விதாஸ், உங்களுக்கு எந்தக் கண்ணு?”

“வலதுதான்,” என்றார் மெல்ல. “பழைய கதை. நீ வர்றதுக்கு முன்னாடி. இடது எனக்குச் சின்ன வயசுலருந்தே மந்தம். உனக்குத் தெரியுமே.”

“குழாயை எந்தக் கண்ணுல வெச்சுப் பாக்குறீங்க?”

“வேற எந்தக் கண்ணுல பாப்பேன்?” என்றார். “ரெண்டு கண்ணாலயும் பாத்தா ஓட்டை இருக்குறதே தெரியாது, ஸ்கைஸ்தே. மூளை இட்டு நிரப்பிடும். நான் மறந்தே போயிட்டேன். சத்தியமா மறந்துட்டேன். யாருகிட்டயும் சொல்லாதே. இந்த மேசைய விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?”

அவள் போனை அணைத்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஓட்டை விழுந்த கண்ணால் அந்த மனிதர் தினமும் காலையில் ‘சுத்தம்’ என்று சொல்லியிருக்கிறார். அவளும் தினமும் அதை நம்பித் தலையைக் குனிந்திருக்கிறாள்.

தோனாதாஸிடம் சொன்னபோது அவன் கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் முகத்தை இரு கையாலும் பிடித்து, “என்னைத் தெரியுதா?” என்று மட்டும் கேட்டான். இரண்டு கண்ணாலும் பார்த்துத் தெரிகிறது என்றாள். ஒரு கண்ணை மூடச் சொல்லி அவன் கேட்கவில்லை. அவனுக்கும் பயம்.

காலையில் கண் மருத்துவமனையில் சொட்டுமருந்து விட்டுக் கண்பாவையை விரித்தார்கள். மருத்துவர் ஒரு நடுவயதுப் பெண். திரையில் விழித்திரையின் படத்தைக் காட்டினார். சீரான மண்மேட்டில் யாரோ விரலால் குத்தியதுபோல ஒரு பள்ளம், சுற்றிலும் ரத்தம்.

“போயிருமா?”

“ரத்தம் வடியும். அதுக்கு அடியில என்ன மிச்சமிருக்குன்னு அப்பறம்தான் சொல்ல முடியும். இடது கண்ணு நல்லாருக்கு. அதப் பத்திரமா பாத்துக்க.” பிறகு நிமிர்ந்து, “உன்கூட அங்க வேற யாரு வேலை பாக்குறாங்க?” என்று கேட்டார்.

உக்னியுஸ். புதிதாகச் சேர்ந்தவன், ஆர்வக்கோளாறு. செவ்வாய்க்கிழமை மேசை அவனுடையது. அன்று செவ்வாய். வடிகட்டி நேற்று வைத்த அதே கோணத்தில்தான் இருக்கும். ஆர்விதாஸ் குழாயைக் கண்ணில் வைத்துச் சுற்றிவந்து ‘சுத்தம்’ என்பார்.

போன் போட்டாள். லேசர் அறைக்குள் போன் கொண்டுபோகும் வழக்கமில்லை. உக்னியுஸின் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆர்விதாஸின் போன் அணைக்கப்பட்டிருந்தது. துறைத் தலைவி பேராசிரியை பிரோனேயின் அறையிலும் யாரும் எடுக்கவில்லை. தோனாதாஸ் காரை எடுக்கப் போயிருந்தான். காத்திருக்காமல் வாசலில் நின்ற டாக்ஸியில் ஏறினாள்.

வெளியே புதுப் பனி. விரிந்த பாவைக்குள் அந்த வெள்ளை முழுவதும் ஊசியாக இறங்கியது. கண்ணீர் வழிய, “சீக்கிரம், சீக்கிரம்” என்றாள். “அழாதம்மா, எந்தப் பயலும் அதுக்கு லாயக்கில்ல” என்றார் ஓட்டுநர்.

தாழ்வாரம் மங்கலாக நீண்டது. சுவரைத் தடவிக்கொண்டே ஓடினாள். அறைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே லேசர் ஓடுகிறது. கதவில் எண் பூட்டு. கிட்டத்தில் இருக்கும் எதுவும் தெரியாதபடி மருந்து செய்திருந்தது. எண்கள் எறும்புக் கூட்டமாகக் கலைந்தன. அழுத்தினாள், பூட்டு மறுத்தது. மறுபடி மறுத்தது. கதவை அறைந்தாள். உள்ளே காற்றோட்ட இயந்திரத்தின் இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்? இந்த நொடியில் அவன் குனிகிறான், இந்த நொடியில் கண்ணாடியை ஏற்றுகிறான் என்று தோன்றியது.

கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அவசர நிறுத்தப் பொத்தான். அதைப் படிக்க வேண்டியதில்லை. ஓங்கிக் குத்தினாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. உள்ளே ஒரு கெட்ட வார்த்தை. உக்னியுஸ் கதவைத் திறந்தான். முகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி சரியாக இருந்தது.

“பைத்தியமா உனக்கு? காலையிலருந்து ஒழுங்குபண்ணி வெச்சது எல்லாம் போச்சு!”

“கண்ணு… உன் கண்ணு…”

அவளைப் பார்த்ததும் அவன் கோபம் இறங்கியது. நாற்காலியில் உட்காரவைத்தான்.

“எனக்கு ஒண்ணும் ஆகல. காலையில ஆர்விதாஸ் வந்தாரு. குழாயில பாத்துட்டு சுத்தம்னாரு. அப்பறம் சும்மா நின்னாரு. நான் கண்ணாடிய மாட்டிக்கிட்டு இருக்கேன், திடீர்னு குழாயை என் கையில குடுத்து, ‘நீயும் ஒரு தடவ பாரு’ன்னாரு. பாத்தா, செவுத்துல, நம்ம முகம் இருக்குற ஒசரத்துல, ஒரு புள்ளி. வெளக்குப் போட்ட மாதிரி! ‘அதோ இருக்கே’ன்னேன். ‘எங்க?’ன்னு கேட்டாரு. கைய வெச்சுக் காட்டினேன். அப்பவும் எங்கன்னுதான் கேட்டாரு.”

“இப்ப எங்க அவரு?”

“பேராசிரியைகிட்டப் பேசணும்னு போனாரு. ரெண்டு பேரும் மேல வேதியியல் அறையில இருக்காங்க. வடிகட்டிய நான் சரிபண்ணிட்டேன்.”

ஸ்கைஸ்தே அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அறையை ஒன்றரை மாதம் மூடினார்கள். ஒவ்வொருவருக்கும் கண் சோதனை நடந்தது. குழாயை இனி இரண்டு பேர் பார்க்கவேண்டும், சிவப்பு மினுக்கத்தைக் கேமராவில் மட்டும்தான் பார்க்கவேண்டும் என்று ஏற்பாடு. ஆர்விதாஸை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் மேசையைத் தொடக்கூடாது என்றார் பிரோனே. அவர் மேல்மாடியில் கரைசல்களைப் பிரித்து வைக்கும் வேலைக்குப் போனார். ஒருநாள் படிக்கட்டில் எதிரே வந்து, “என்னைத் திட்டிடு ஸ்கைஸ்தே” என்றார். அவளுக்குத் திட்ட வரவில்லை, மன்னிக்கவும் வரவில்லை. “அப்பறம் பேசலாம்” என்று இறங்கிவிட்டாள்.

ரத்தம் வடிந்தபின் மையத்தில் ஒரு சின்ன ஓட்டை மிஞ்சியது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் தெரியாது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. மார்ச் மாதம் அந்தப் படிகங்கள் லேசராகப் பாய்ந்தன. உக்னியுஸ் கூப்பிட்டான். திரையில் பார்த்தாள், சந்தோஷப்பட்டாள், உடனே வெளியே வந்துவிட்டாள். அந்த அறையில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் அவளால் நிற்க முடியவில்லை.

ஈஸ்டர் விருந்தன்று தோனாதாஸ் நுரைமது புட்டியை மேசைக்குக் கொண்டுவந்து கம்பியை முறுக்கினான். தக்கை வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் அவள் இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். விருந்தாளிகள் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். தோனாதாஸ் புட்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கதவைச் சாத்தி, முதுகைக் காட்டி நின்றுகொண்டு திறந்தான்.