காலியாகக் கிடந்த கட்டம்

பிரபுவின் மேல் சூர்யகலாவுக்குச் சந்தேகம் விழக் காரணம் ஒரு காலிக் கட்டம்.

போடியில் ஏலத்துக்குப் போகும் ஏலக்காயில் பச்சைச் சாயம் ஏற்றியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் சோதனைக்கூடம் அது. ஒவ்வொரு மாதிரியின் முடிவையும் மெஷின் ஜேசன் என்ற வடிவக் கோப்பாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பிரபு எழுதிவைத்த எஸ்.க்யூ.எல் க்வெரி என்ற கட்டளைத் தொகுப்பு அதைப் பிரித்து, கட்டம் கட்டமான டேபிளில் ஏற்றும். 'சாயம் உண்டு' என்று பதிவான சரக்கு திரும்பிப் போகும்; மற்றதெல்லாம் ஏலத்துக்குப் போகும். டேபிளைச் சரிபார்ப்பது சூர்யகலாவின் சோலி.

அன்று தவசியின் சரக்குக்கு நேரே உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வெறுமையாக இருந்தது. தவசி, பிரபுவுக்குத் தாய்மாமன்.

"அண்ணே, ஒங்க மாமா சரக்கு முடிவு ஏறலையே?"

"மெஷின்லயே வந்திருக்காது. விடு, நாளைக்குப் பாப்போம்" என்றான் பிரபு, திரும்பிப் பார்க்காமலே.

அந்த 'விடு' அவளை உறுத்தியது. சற்று நேரத்தில் அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே தவசியின் ஜீப்பு.

மூலக் கோப்பைத் திறந்தாள். முடிவு அதில் இருந்தது. அப்படியென்றால் வழியில்தான் காணாமல் போயிருக்கிறது. மாமன் பெயரைத் தடுக்கும் ஒரு வரி கிடைத்துவிடும் என்று க்வெரியைத் துழாவினாள். கிடைக்கவில்லை. கோப்பையும் க்வெரியையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பழைய மெஷின், முடிவு இருக்கும் 'சாயம்' என்ற புலத்தின் பெயரை ஆங்கிலத்தில் முழுக்கச் சின்ன எழுத்தில் எழுதும். புதிதாக வந்த மெஷின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியிருந்தது. க்வெரி தேடும் பெயர் கிடைக்காதபோது, பிழை என்று கத்தாமல் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டது.

புது மெஷின் சோதித்த சரக்கு எல்லாவற்றுக்கும் கட்டம் காலியாகத்தான் கிடந்தது. தவசியின் பெயரையே முறைத்துக்கொண்டிருந்ததில் மற்றவை அவள் கண்ணில் படவில்லை. முகம் சுட்டது.

இரண்டு விதப் பெயரையும் ஏற்கும்படி க்வெரியைத் திருத்தினாள். இனிமேல் புலம் காணாவிட்டால் பிழை சொல்லி நிற்கும்படி மாற்றி, சோதனைக்காகத் தனி டேபிள் ஒன்றில் ஏற்றிப் பார்த்தாள். தவசியின் சரக்கு சுத்தம். அதற்குக் கீழே ஓரிடத்தில் 'உண்டு'. சரக்குக்காரர் அருண்பாண்டி. மலையில் பச்சைக்காய் வாங்கி உலர்த்தி ஏலத்துக்கு விடும் அவள் புருசன்.

தனி டேபிளை அழித்து, க்வெரியைப் பழையபடி விட்டால் போதும்; யாருக்கும் தெரியாது. விரல்கள் விசைப்பலகையின் மேலேயே நின்றன.

"இன்னும் அதையா நோண்டுற?" பிரபு பின்னால் வந்து நின்றான். அவள் திரையை மறைக்கவில்லை. அவன் படித்தான். காலையிலிருந்து அவள் அவனைப் பார்த்த அதே பார்வையால் அவளைப் பார்த்தான்.

"இத எப்பப் பாத்த?"

"இப்பத்தாண்ணே."

"நெசமா?"

"ஒங்க மாமா பேரப் பாத்துட்டு ஒங்களத்தான் சந்தேகப்பட்டேன். அதத் தேடப் போயித்தான் இது வந்துச்சு." எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "நீங்களே ஏத்துங்கண்ணே. என் கை பட வேணாம்."

பிரபு உட்கார்ந்து ஏற்றினான். அருண்பாண்டியின் சரக்கு திரும்பியது.

சாயங்காலம் வீட்டில் அருண்பாண்டி அவளைக் கேட்டான்: "ஏஞ் சரக்குன்னு தெரிஞ்சுமா திருப்பியனுப்ப விட்ட?"

"தெரிஞ்சுதான். சாயம் போட்டீங்களா?"

"காய் குடுத்தவனக் கேக்கணும்" என்றான், சட்டையைக் கழற்றியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

சூர்யகலா பாதிதான் நம்பினாள்.