ரத்தம் தெறித்தால் முழுக் காசு

மாதம்மாவுக்குப் பிடரியிலிருந்து இடுப்பு வரை ஒரே வலி. இரண்டாம் மாடிக் கான்கிரீட்டுக்குக் காலையிலிருந்து சட்டி தூக்கிய வலி. மதியச் சோற்றுக்கு வேலை நின்றதும் மணல் குவியலில் சாய்ந்தவளை ஆறுமுகசாமியின் குரல் நிமிர வைத்தது.

ஆறுமுகசாமிதான் வீட்டுக்காரர். கொள்ளேகாலில் பட்டுநூல் வியாபாரம்; மைசூரில் மனை வாங்கி மாடிவீடு கட்டுகிறார். அந்தத் தொண்ணூற்றேழாம் வருஷம் தென்னாப்பிரிக்காவுக்கு வில்வேட்டைக்குப் போவதாக இருந்தார். அதற்கென்று வாங்கிய வில் கப்பியும் கம்பியுமாக இருந்தது; அதைப் பார்த்து, "கெணத்து ராட்டினத்தக் கழட்டிட்டு வந்துட்டாரு" என்றான் கொத்தனார் கெம்பையன், மாதம்மாவின் அண்ணன்.

பக்கத்துக் காலிமனையில் மணல் மூட்டை அடுக்கி எய்து பழகினார். ஒரு மாதமாக அம்பு மூட்டையைத் தவிர எல்லாவற்றின் மேலும் பட்டது. அம்புக்கும் அம்புக்கும் நடுவே பேச்சு.

"நெனச்ச மாதிரி எய்ய முடியாது கெம்பையா. சர்க்கார் பர்மிட்டு வேணும், மான் வளக்கற பண்ணைக்காரன் எழுதித் தரணும். லைசென்சு வெச்சிருக்கறவன் ஒருத்தன் கூடவே நடப்பான், அவனுக்குத் தினக்கூலி தனி. வில்லுக்கு இத்தன பலம் இருக்கோணும்னு கணக்கு. கொறஞ்சா உள்ளயே விடமாட்டான்."

"மானுக்கு வேற காசுங்களா?"

"தலைக்கு ஒரு வெல. கெடா அளவு சின்ன மானே இருநூத்தம்பது டாலரு. ரத்தம் தெறிச்சாப் போதும், செத்தாலும் ஓடிப்போனாலும் முழுக் காசு வெக்கோணும். கறி பண்ணைக்காரனுக்கு, நமக்குக் கொம்பு."

"கறி இல்லாத வேட்டையா! தூ!" என்று சிரித்தாள் மாதம்மா.

அவளிடமும் ஒரு கிடாய் இருந்தது; வேலை நடக்கும் இடத்திலேயே கட்டி வளர்த்தாள். சனிக்கிழமை சந்தையில் ஆயிரத்து ஐந்நூறுக்குப் போகும். சொந்த ஊரான ஹனூரில் மழைக்கு விழுந்த வீட்டுச் சுவரை அந்தப் பணத்தில்தான் எழுப்ப வேண்டும். ஊரார் வீட்டுக்குச் சுவர் எழுப்பிக் கொடுப்பவளுக்குத் தன் வீட்டுக்குச் சுவர் இல்லை.

கயிற்றை அறுத்துக்கொண்ட கிடாய், யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைப் பார்த்து மூட்டைக்குக் குறுக்கே ஓடியது. அம்பு அதன் தொடையில் ஏறியது.

"பட்டுருச்சு! ஓடற கெடாடா! ஓடற கெடா!" ஆறுமுகசாமி வேட்டி அவிழ்வதும் தெரியாமல் குதித்துக் கெம்பையனைக் கட்டிக்கொண்டார்.

"ஏனுங்க, எங்கெடாவக் குத்திப்போட்டுக் குதிக்கறீங்களே! எஞ் செவுரு போச்சே!"

"அழுவாத புள்ள! சந்த வெல எதுக்கு? ஆப்பிரிக்கா வெலையே தர்றேன்! என் மொத வேட்டை!"

சட்டி, கரண்டி எல்லாம் கீழே விழ மொத்தக் கூட்டமும் ஓடிவந்தது. டாலருக்கு முப்பத்தாறு ரூபாய் என்று கேட்டுக்கொண்டு கெம்பையன் செங்கல் துண்டால் சுவரில் கணக்குப் போட்டான். ஒன்பதாயிரம்! சுவர் என்ன, மேலே ஓடும் போடலாம், கதவும் வைக்கலாம்.

தொகையைப் பார்த்ததும் ஆறுமுகசாமிக்குக் குதிப்பு நின்றது. "கெடா சாகலியே. மருந்து போட்டா ஆறிரும்."

"ரத்தம் தெறிச்சா முழுக் காசுன்னது ஆருங்க? நானுங்களா?" என்றாள் மாதம்மா.

கூட்டம் ஓவென்று கத்தியது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, மாட்டிக்கிட்டேன். வெக்கறேன்!" சட்டைப் பையிலிருந்து ஆயிரத்து ஐந்நூறை எடுத்து நீட்டினார். "மிச்சம் போயிட்டு வந்து. கறி பண்ணைக்காரிக்கு!"

கான்கிரீட் பாதியில் நிற்கக் கூடாது. அன்று சாயங்காலம் சட்டி பறந்ததுபோல் என்றும் பறந்ததில்லை. கிடாய் தேறாது என்று தெரிந்ததும் அறுத்தார்கள். மாதம்மா கொஞ்சம் அழுதாள், பிறகு எலும்பைக் கடித்துக்கொண்டே கதவுக்கு வேம்பா பலாவா என்று அண்ணனிடம் சண்டை போட்டாள்.

ஆறுமுகசாமி ஆப்பிரிக்கா போய்வந்தார். பர்மிட்டுக்கும் மானுக்கும் கூட நடந்தவனுக்கும் ஒரு காசு பாக்கி வைக்காமல் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாராம். கிரகப்பிரவேசமும் நடந்தது. மாதம்மா போய்க் கேட்டால், "அது சந்தோசத்துல சொன்னதும்மா" என்கிறார்.

அவர் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.